கல்லும் கள்ளியும்

1

வேலியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் எதிர்ப்படுவது ஒரு சொல்லின் இன்மை. பழுதான வேலியைச் சரிசெய்யும் வேலைக்குத் தமிழில் தனிப்பெயர் இல்லை. வெற்றுநிலத்தைச் சுற்றிப் புதிதாகப் போடுவதும் வேலி அடைப்பதுதான். போன வருஷத்து வேலியில் மாடு புகுந்த இடத்தில் நாலு முள் வெட்டிச் செருகுவதும் வேலி அடைப்பதுதான். வீட்டுக்கு அப்படி இல்லை. வீட்டைக் கட்டுகிறோம், பிறகு பழுது பார்க்கிறோம். ஏரிக்கரையைப் போடுகிறோம், பிறகு மராமத்து செய்கிறோம். வேலியில் மட்டும் இந்த இரண்டு செய்கைகளையும் பாஷை பிரிக்கவில்லை.

பாஷையின் வறுமை என்று இதை நான் நினைக்கவில்லை. பொருளின் இயல்பே அப்படி. நட்ட கம்பின் அடியை ஒரு மழைக்காலத்திற்குள் கரையான் தின்றுவிடுகிறது. கட்டிய பனைநார் நனைந்து காய்ந்து நனைந்து இற்றுப்போகிறது. வெட்டிப் போட்ட முள் இலை உதிர்ந்து, தன் எடையிலேயே அமிழ்ந்து, இடுப்பளவு இருந்தது முழங்காலளவாகிறது. ஆடு அதற்காகத்தான் காத்திருக்கிறது. ஆக, எங்கள் பக்கத்து வேலியின் ஆயுள் ஒரு வருஷம். செய்துமுடித்த வேலி என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை. அடைத்துக்கொண்டே இருப்பதற்குப் பெயர் வேலி.

யாழ்ப்பாணத்தில் இது இன்னும் துலக்கம். கதியால் நட்டு, கிடுகு கட்டி, வருஷாவருஷம் வேலி அடைப்பது அங்கே குடும்பக் கடமைகளில் ஒன்றாக இருந்தது. அடுத்த வீட்டுக்குப் போக வேலியில் விட்ட ஓட்டைக்குப் பொட்டு என்று பெயர். வேலிக்கு ஒரு சொல் போலவே, வேலி விட்டுக்கொடுத்த இடத்திற்கும் ஒரு சொல்.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்று நீளும் பிரதேசத்தில் இந்த அடைத்தலுக்கு என்ன நேர்ந்தது என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம். பிரதேசம் சிறியது. ஆனால் ஆயிரத்துச் சொச்சம் வருஷங்களின் சாட்சி அதற்குள்ளும் அதன் விளிம்பிலும் கிடைக்கிறது.

2

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையின் தலைவன் தொண்டைமான் இளந்திரையன், காஞ்சியிலிருந்து ஆண்டவன். அதில் ஆயர் குடியிருப்பைச் சொல்லுமிடத்தில் இடுமுள் என்ற சொல் வருகிறது. நட்ட முள் அல்ல, வளர்ந்த முள் அல்ல. வெட்டிக் கொண்டுவந்து இட்ட முள். ஒரு வேலியைச் சுட்ட ஒரு செய்கையைப் பெயராக்கியிருக்கிறார்கள். இட்டதை மறுபடியும் இட வேண்டும் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அடுத்த சாட்சி செப்பேடுகள். பல்லவர் காலத்திலும் பிறகு சோழர் காலத்திலும் ஓர் ஊரைத் தானமாகக் கொடுக்கும்போது நான்கெல்லையும் சொல்லி, எல்லையைச் சுற்றி வந்து, கல்லும் கள்ளியும் நாட்டியதாக எழுதுவது வழக்கம். இரண்டாம் நந்திவர்மன் காலத்து, 8-ஆம் நூற்றாண்டுக் காசக்குடிச் செப்பேட்டிலேயே இந்த வழக்கம் வந்துவிட்டது. கல்வெட்டாராய்ச்சி செய்பவர்கள் இதை ஒரு வாய்பாடு என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இது ஒரு வாய்பாடு மட்டுமல்ல என்று தோன்றுகிறது. ஏன் இரண்டு? எல்லையைக் குறிக்கக் கல் ஒன்றே போதும். கள்ளி எதற்கு?

கல் ஒருமுறை நட்டால் இருக்கும். அதற்கு ஊர் தேவையில்லை. ராஜாவின் ஆணை நடந்தது என்பதற்கு அது அத்தாட்சி. கள்ளி அப்படி இல்லை. அதை ஒருவன் நட்டு, காய்ந்துபோன இடத்தில் மறுபடியும் ஒடித்து நட்டு, பாதைப்பக்கம் சாய்ந்ததை வெட்டி, அந்த வெட்டிய துண்டையே இடைவெளியில் ஊன்றி வர வேண்டும். எல்லை இது என்று ஊர் ஒப்புக்கொண்டிருக்கிறவரை கள்ளி இருக்கும். ஊர் கலைந்தால் கள்ளி காடாகிவிடும். எல்லைக்கு அத்தாட்சி வேண்டும், பராமரிப்பும் வேண்டும் என்பது அந்த இரண்டு சொற்களில் இருக்கிறது. கல் அரசனுடையது, கள்ளி அங்கே குடியிருப்பவனுடையது.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே இருக்கும் திருமுல்லைவாயில் கோவிலில் வேறுவிதமான சாட்சி ஒன்று உண்டு. தலபுராணத்தின்படி, புழல் கோட்டையில் இருந்த ஓணன், காந்தன் என்ற குறும்பர் தலைவர்களோடு தொண்டைமான் போர் தொடுக்கிறான். வழியில் அவனுடைய யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொள்கிறது. வாளால் கொடியை வெட்டுகிறான், ரத்தம் வருகிறது, உள்ளே லிங்கம். அந்த வெட்டுக்காயத்தின் மேல்தான் இன்றும் சந்தனக் காப்பு. வருஷத்தில் ஒருமுறை, சித்திரை மாதத்துச் சதயத்தில், பழையதைக் களைந்து புதிதாகச் சாத்துகிறார்கள். குறும்பரை வென்று கொண்டுவந்ததாகச் சொல்லும் இரண்டு எருக்கந் தூண்கள் சன்னதி முன் நிற்கின்றன.

இதைச் சரித்திரம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பிரதேசத்தின் ஜனங்கள் எதைக் கற்பனை செய்துகொண்டார்கள் என்பதும் சரித்திரத்தின் பகுதிதான். எருக்கு தூணாகிற மரமல்ல. வேலியோரத்துச் செடி; யாரும் நடாமல் வருவது. தோற்றவர்களுடைய வேலியோரத்துச் செடி வென்றவனுடைய கோவிலில் தூணாக நிற்கிறது. அங்கே உள்ள தெய்வமோ வருஷத்துக்கு ஒருமுறை காயத்தை அடைத்துக்கொள்ளும் தெய்வம். வேலி அடைக்கும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதை அந்நியமாகப் பட்டிருக்காது.

3

கும்பினி சர்க்காருக்கு இந்தப் பிரதேசம் 1763-ல் ஜாகீராக வந்தது. ஆற்காட்டு நவாப் கொடுத்தது. 1767-க்கும் 1774-க்கும் இடையே பர்னார்டு என்பவர் இங்குள்ள கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். நிலம் காணிக்கணக்கில் பதிவாயிற்று. சோழ நாட்டில் நில அளவுக்கே வேலி என்று பெயர். ஏறத்தாழ ஆறேமுக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. தொண்டை நாட்டில் அளவு காணி. 24 மனை, அதாவது 57,600 சதுர அடி. காணி என்பது அளவும்தான், உரிமையும்தான். காணியாட்சி, பிற்பாடு வந்த பெயரில் மிராசு, யாருக்கு உண்டு என்ற கேள்விக்கு எல்லிஸ் துரை 1818-ல் விரிவாகப் பதில் எழுதினார்.

இந்தப் பதிவுகளிலெல்லாம் நிலம் இருக்கிறது, உரிமை இருக்கிறது, விளைச்சலில் யாருக்கு எத்தனை மரக்கால் என்பது இருக்கிறது. வேலியை அடைத்தவன் தனியாகத் தென்படுவதில்லை. அவன் யார் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. முள் வெட்டினவன், சுமந்தவன், கையில் கிழிபட்டுக் கட்டினவன், பெரும்பாலும் சேரியிலிருந்து வந்த பண்ணையாள். செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-ல் இந்த ஜில்லாவின் பறையர்களைப் பற்றி எழுதிய அறிக்கையில், அவர்கள் குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமாக இல்லை, மிராசுதாரை எதிர்த்தால் குடிசையும் போகும் என்ற நிலைமையை எடுத்து வைத்தார். அதன் விளைவாகத்தான் 1892-ல் அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதிலிருந்து. ஊராருடைய வேலியையெல்லாம் அடைத்தவனுக்குத் தன்னுடைய குடிசையைச் சுற்றி அடைக்க உரிமை இல்லை. வேலியைப் பற்றிய எந்தப் பெருமையும் இந்த உண்மைக்கு முன் சற்று நிதானிக்க வேண்டும்.

சர்க்கார் வேலியைக் கவனித்தது வேறு வழிகளில். 1871-ல் வந்த கால்நடை அத்துமீறல் சட்டம் பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்துக் கொண்டித் தொழுவத்தில் அடைக்கவும் அபராதம் வாங்கவும் வழி செய்தது. அதுவரை இரண்டு வீட்டுக்காரர்கள் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசித் தீர்த்தது ரசீதுக்கு மாறியது. 1882-ல் மதராஸ் வனச்சட்டம். ஒதுக்கிய காடுகளில் முள் வெட்டவும் தழை எடுக்கவும் அனுமதி தேவை. வேலியின் மூலப்பொருளே சர்க்கார் சொத்தாயிற்று.

அதே சர்க்கார் வடக்கே தானே ஒரு வேலி போட்டுப் பார்த்தது. உப்புக் கடத்தலைத் தடுக்க இந்தியாவின் குறுக்கே நூற்றுக்கணக்கான மைல் நீண்ட முள்வேலி அது. அதைக் காவல் காக்க 12,000-க்கும் மேற்பட்ட ஆட்கள். பின்னாளில் காங்கிரசைத் தோற்றுவித்த ஹியூம் 1867-லிருந்து 1870 வரை இதற்குக் கமிஷனர். காய்ந்த முள்ளைக் கரையான் தின்கிறது, தீ பிடிக்கிறது, காற்று பெயர்க்கிறது என்று கண்டு, உயிர்வேலிக்கு மாற முயன்றவர் அவர். ஆயர்கள் அறிந்திருந்ததை ஒரு சாம்ராஜ்யம் பணம் செலவழித்துக் கற்றுக்கொண்டது. 1879-ல் அந்தச் சுங்க எல்லையையே எடுத்துவிட்டார்கள். அடைக்க ஆளில்லாத வேலி சில வருஷங்களில் மறைந்தது. ராய் மாக்ஸம் என்ற ஆங்கிலேயர் வருஷக்கணக்கில் தேடி அதன் மிச்சத்தைக் கண்டு 2001-ல் புத்தகம் எழுத வேண்டியிருந்தது.

நம் பக்கத்து வேலிச் செடிகளுக்கும் சர்க்காரின் சரித்திரம் ஏறியது. அமெரிக்காவிலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளியில் சாயப்பூச்சி வளர்க்கலாம் என்று 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கும்பினி வைத்தியர் சைதாப்பேட்டைப் பக்கம் தோட்டம் போட்டார். 1795-ல் வந்த பூச்சி நல்ல சாயம் தரவில்லை. ஒருவகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. தப்பிய இன்னொரு வகை வேலியாகவும் புதராகவும் தென்ஜில்லாக்களில் பரவிற்று. 1926-ல் இலங்கையிலிருந்து வேறு பூச்சியைக் கொண்டுவந்து விட்டதும் அதுவும் பெருமளவில் அழிந்தது. கள்ளியை நம்பி அடைத்திருந்த வேலிகள் சில வருஷங்களில் வெளியாகிவிட்டன.

அந்த இடத்திற்கு வந்தது 1870களில் விறகுக்காகவும் வறண்ட நிலத்திற்காகவும் தருவித்த சீமைக்கருவேலம். 1876-ல் வனத்துறை அதிகாரி பெட்டோம் விதை கேட்டு எழுதியதிலிருந்து அதன் கதை ஆரம்பம். எங்கள் பக்கத்தில் அதற்கு வேலிகாத்தான் என்று பெயர். நன்றியோடு வைத்த பெயர். வேலியைக் காக்க வந்தது இன்று ஏரியையும் புறம்போக்கையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2017-ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவுகள் போட்டது. 2022-ல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையையே வெளியிட்டது. வேலியே பயிரை மேய்ந்தது என்று ஊரில் சொல்வார்கள். இங்கே வேலி ஏரியை மேய்ந்தது.

4

1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் விட்டார்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில்பாதை இந்தப் பிரதேசத்தின் நடுவே போயிற்று. பாதையோரம் நட்ட கற்றாழைக்கு ரயில் கற்றாழை என்றே பெயர் வந்துவிட்டது. நாரை எடுத்து ஜனங்கள் தங்கள் வேலியைக் கட்டினார்கள். கம்பெனியின் வேலி கிராமத்து வேலிக்குக் கயிறு கொடுத்தது. பிறகு நூறு வருஷத்துக்கு மேல் நடந்ததற்கெல்லாம் இது முன்மாதிரி.

1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை. 1961-ல் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலைக்கு அனுமதி. 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆயிரம் ஏக்கருக்கு மேல். டன்லப்பின் டயர்த் தொழிற்சாலையும் அங்கேதான். இந்த வரலாற்றை உற்பத்தி எண்ணிக்கையாகவும் வேலைநிறுத்தங்களாகவும் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். நான் அதை வேலிகளில் படித்தேன்.

அம்பத்தூர் ஏரிக்கு அப்பாலும் பட்டாபிராம் பக்கத்திலும் பூவிருந்தவல்லிக்கு வெளியேயும், கத்தரிக்காயும் கீரையும் போட்டிருந்த தோட்டங்களின் வேலிகளில், வாஷர் வெட்டியெடுத்த பிறகு மிஞ்சும் துளைத்தகட்டு நாடாக்களைப் பார்த்திருக்கிறேன். வரிசைவரிசையாக ஒரே அளவு வட்டங்கள். பூவரசங் கம்பில் அந்த நாடாவை ஆணியடித்து, இடையில் கிளுவைப் போத்து ஊன்றியிருக்கும். கம்பு துளிர்த்துத் தகட்டின் துளை வழியாகவே இலை விட்டிருக்கும். தார் ரோடு போட்டு முடித்த பீப்பாய்களை வெட்டி விரித்த தகடு. டயர் இல்லாத சைக்கிள் ரிம். கயிறு அறுந்த கட்டிலின் சட்டம். ஒவ்வொன்றும் ஒரு பழுதின் இடம். வேலியின் எந்த முழம் எந்த வருஷத்தில் விழுந்தது என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரியும்.

படலுக்கும் கதவுக்கும் நடந்த வைத்தியம் இன்னும் நுட்பமானது. பழைய மரக்கதவுக்குக் கீல் கிடையாது. கதவின் ஓரச்சட்டம் மேலும் கீழும் குடுமியாக நீண்டு, மேல்குடுமி நிலையின் துளையிலும் கீழ்க்குடுமி கல்லில் தோண்டிய குழியிலும் சுழலும். குடுமி தேயத் தேயக் கதவு இறங்கி மண்ணைக் கீறும். குழிக்குள் லாடத்துண்டோ செல்லாக்காசோ போட்டுக் கதவை ஒரு விரற்கடை தூக்குவார்கள். தோட்டத்துச் சட்டக்கதவு வேறுவிதமாகத் தொய்யும். ஆடும் முனை தாழும். கீல்பக்கத்து மேல்மூலையிலிருந்து ஆடும் பக்கத்துக் கீழ்மூலைக்குக் குறுக்கே இரட்டைக் கம்பி இழுத்து, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் முனை மேலெழும். மறுவருஷம் இன்னும் இரண்டு முறுக்கு. கீல் துருப்பிடித்து விழுந்தால் டயர் வாரை வெட்டி மூன்று ஆணி. அது துருப்பிடிக்காது, கிரீச்சிடாது. டயர் உண்டாகும் ஊரில் அதற்குப் பஞ்சமும் இல்லை. ஆடும் முனைக்கு அடியில் தேய்ந்த பால்பேரிங் ஒன்றைப் பொருத்தி உருளவிட்டிருந்த கதவையும் பார்த்தேன். பகலில் லேத்தில் நிற்பவர் சாயங்காலம் தன் வீட்டுப் படலுக்குச் செய்தது.

ஒட்டுப்போடுதல் என்று இதை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. ஏழையின் சாமர்த்தியம் என்று கொண்டாடுபவர்களும் உண்டு. இரண்டும் தூரத்திலிருந்து பார்ப்பது. கிட்டே போனால் தெரிவது, இந்த வேலையை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது என்பது. வேலியின் இந்தப் பக்கம் ஒருவர் நாரைச் செருக, அந்தப் பக்கம் ஒருவர் வாங்கித் திருப்பித் தர வேண்டும். அந்தப் பக்கத்தில் இருப்பவர் அடுத்த காணிக்காரர். வருஷத்தில் ஒருநாளாவது இருவரும் எதிரெதிரே குந்த வேண்டியிருந்தது. கம்பு ஒரு சாண் தள்ளி நட்டிருந்தால் சண்டை அன்றைக்கே வரும். பன்னிரண்டு வருஷம் பேசாமல் இருந்துவிட்டால் சட்டம் அனுபவ பாத்தியதைக் கணக்கை எடுத்துவிடும் என்பது படிக்காதவர்களுக்கும் தெரிந்திருந்தது. வேலி அடைப்பது வருஷாந்தரப் பேச்சுவார்த்தை. எப்போதும் சமாதானமான பேச்சுவார்த்தை என்று சொல்லவில்லை.

வழிகளும் அப்படித்தான். குளத்துக்கு, ரயிலடிக்கு, சுடுகாட்டுக்குப் போக மற்றவர் நிலத்தின் ஊடே வழக்கமாக நடந்த வழிகளுக்குப் பத்திரம் கிடையாது. வேலியில் கவைக்கம்பு ஒன்றை நட்டு மனுஷன் நுழையவும் மாடு நுழையாமலும் விட்ட சந்துதான் பத்திரம். அடைக்கும்போது அந்தச் சந்தை விட்டு அடைத்தால் உரிமை இன்னொரு வருஷம் தொடர்ந்தது.

5

1923-ஆம் வருஷத்துச் சர்வே மற்றும் எல்லைச் சட்டம், நிலத்தின் பதிவுதாரர் சர்வே கற்களைப் பாதுகாக்கவும் புதுப்பிக்கவும் பழுதுபார்க்கவும் கடமைப்பட்டவர் என்கிறது. கல்லுக்குப் பராமரிப்பு விதித்த சட்டம் அது. கள்ளியைப் பற்றி அதற்குத் தெரியாது. செப்பேட்டில் சேர்த்துச் சொன்ன இரண்டில் ஒன்று மட்டும் சர்க்கார் தஸ்தாவேஜில் தங்கிற்று.

பிறகு நிலமே மனைகளாயிற்று. ஒரு காணியில் 24 மனை என்ற பழைய கணக்கு புரோக்கர்களுக்கு வசதியாக இருந்தது. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-ல் தானே மாநகராட்சி ஆயிற்று. இப்போது மனையைச் சுற்றி ஹாலோ பிளாக் சுவர், இல்லையென்றால் வார்த்துக் கொண்டுவந்து செருகும் சிமெண்டுப் பலகைகள். சுவருக்கு அடுத்த வீட்டுக்காரர் தேவையில்லை. தன் பக்கத்தில் நின்றே கட்டிமுடித்துவிடலாம். வருஷாவருஷம் கேட்க வேண்டியதும் ஒன்றுமில்லை. கவைக்கம்புச் சந்துகள் போய்விட்டன. அவற்றின் வழியாகக் குளத்துக்கும் ரயிலடிக்கும் நடந்தவர்கள் சுற்றிப் போகிறார்கள். அவர்களுக்கு உரிமை இருந்ததற்கு ஆதாரம் அந்த வேலியே. வேலியோடு ஆதாரமும் போயிற்று.

வேலி நல்லது, சுவர் கெட்டது என்று எழுதி முடிக்க எனக்கு விருப்பமில்லை. மதுரை ஜில்லா உத்தபுரத்தில் 1989-ல் தலித்துகளை ஒதுக்க எழுப்பிய சுவரின் ஒரு பகுதியை 2008-ல்தான் இடிக்க முடிந்தது. ஆனால் அந்தச் சுவருக்கு முன்னால் ஊர்தோறும் முள்ளாலும் வழக்கத்தாலும் அடைத்திருந்தது கண்ணில் படாத வேலி. அதையும் யாரோ வருஷாவருஷம் அடைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். பராமரிப்பு தன்னளவில் புனிதமல்ல. எதைப் பராமரிக்கிறோம், யார் கையால், யாருக்குச் சந்து விட்டு என்பதே கேள்வி. வேலியில் இந்தக் கேள்வியை வருஷத்துக்கு ஒருமுறையாவது எழுப்ப முடிந்தது. சுவரில் அதை எழுப்பக் கடப்பாரை வேண்டியிருக்கிறது.

தானம் கொடுத்தவன் பெயர் செப்பேட்டில் இருக்கிறது. அளந்தவன் பெயரும் உரிமை கொண்டாடியவன் பெயரும் கும்பினிக் கணக்கில் இருக்கின்றன. அடைத்தவன் பெயர் எதிலும் இல்லை. அவன் செய்தது ஒரு வருஷத்தில் அழியும் காரியம்; அதனாலேயே அது தினசரி வாழ்க்கையாக இருந்தது. நமது சரித்திரக்காரர்கள் கல்லைப் படிக்கப் பழகியவர்கள். கள்ளியைப் படிக்க வேறு பழக்கம் தேவை: தேய்ந்த குடுமிக்கல், ஆணியடித்த டயர் வார், துளைத்தகட்டில் விட்ட இலை.

பூவிருந்தவல்லிக்கு மேற்கே விற்காத மனைகள் இன்னும் கிடக்கின்றன. நாலு மூலையிலும் கல். மஞ்சள் பெயிண்டில் எண். இடையே முள்கம்பி அறுந்து தொங்குகிறது. ஆடு மேய்ப்பவர்கள் இரவில் ஆடுகளை மடக்க வேலிகாத்தானை வெட்டிக் கொண்டுவந்து வட்டமாகப் போட்டு, வாயிலில் கிழிந்த தேர்தல் பேனரைக் கம்பில் சுற்றிப் படலாக நிறுத்துகிறார்கள். காலையில் எடுத்துவிட்டு, சாயங்காலம் மறுபடியும் இடுகிறார்கள்.